கம்ப்யூட்டர் கட்டிய கிண்டி மாணவர்

ராயபுரத்தில் தெருவுக்கு ஒரு குழாய் இருந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வரும் நேரம் கொஞ்சம். குடங்களோ அதிகம். யார் முதலில் வைப்பது, ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், ஒருவர் குடத்தை இன்னொருவர் நகர்த்தினால் என்ன செய்வது என்று தெருவே கூடி முறை வகுத்துக்கொள்ளும். முறை சரியாக இருந்தால் எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கும். முறை தவறினால் குடம் உடையும்!

இந்தியாவில் கம்ப்யூட்டரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. எந்திரம் ஒன்று. அதைத் தேடி வந்தவர்களோ பலர்.

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட அந்த முதல் பெரிய கம்ப்யூட்டரின் கதையில் முக்கியமான ஆள் ஒரு சென்னைக்காரர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். பெயர் ரங்கசாமி நரசிம்மன்.

எந்திரத்தைக் கட்டியதோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. ஒரு எந்திரத்தைப் பலர் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வி அவருடைய வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஏழை நாட்டில் அது சின்னக் கேள்வி அல்ல.

கடல் கடந்த படிப்பு

நரசிம்மன் 1926-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ந் தேதி சென்னையில் பிறந்தார். கிண்டியில் தந்தி, டெலிபோன், ரேடியோ சம்பந்தப்பட்ட என்ஜினீயரிங் படிப்பை எடுத்துக்கொண்டார். 1947-ல் பட்டம் பெற்றார். நாடு விடுதலை அடைந்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்து அமெரிக்கா. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்சார என்ஜினீயரிங்கில் மேல்பட்டம் வாங்கினார். பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கம்பியும் வால்வும் படித்தவர் கணிதத்துக்கு ஏன் தாவினார் என்று தோன்றும். பார்ப்பதற்கு இரண்டும் வேறு வேறு. ஆனால் அந்த நாளில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. அந்த இடம்தான் கம்ப்யூட்டர்.

1946-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் எனியாக் என்ற எந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். ஏறக்குறைய 18 ஆயிரம் வால்வுகள் கொண்டது. ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. பத்திரிகைகள் இத்தகைய எந்திரங்களை மின்சார மூளை என்று எழுதின.

மூளை என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். இரண்டு எண்களில் எது பெரிது என்று பார்க்கும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஆனால் அலுப்பில்லாமல் செய்யும். கண் மூடித் திறப்பதற்குள் செய்யும். அடுத்து என்ன செய்வது என்று மனிதன் எழுதிக் கொடுத்த பட்டியலை வரிசை பிசகாமல் பின்பற்றும். அந்தப் பட்டியலுக்குத்தான் புரோகிராம் என்று பெயர்.

பம்பாயில் வேலை

பம்பாயில் 1945-ல் டாக்டர் ஹோமி பாபா, டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். அணுவையும், வானத்திலிருந்து வந்து விழும் காஸ்மிக் கதிர்களையும் ஆராய்ந்த இடம். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கணக்குகள் மலைபோல் குவிந்தன. மனிதர்கள் உட்கார்ந்து போட்டால் மாதக்கணக்கில் ஆகும் கணக்குகள்.

1954-ல் நரசிம்மன் அங்கே வந்து சேர்ந்தார். வயது 28.

எந்திரம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாங்குவதா, கட்டுவதா என்பதுதான் பிரச்சினை.

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் வாங்குவது என்று முடிவு செய்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் 1955-ல் அங்கே வந்து இறங்கியது. இந்திய மண்ணில் கால் வைத்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதைக் குறை சொல்ல முடியாது. வேலை உடனே நடக்க வேண்டுமென்றால் வாங்குவதே சுலபம்.

பம்பாயில் வேறு வழி பிடித்தார்கள். கட்டுவது என்று துணிந்தார்கள்.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எந்திரத்தின் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் ஒரு ரகம். அதே எந்திரத்தை அக்கு அக்காகப் பிரித்துத் திரும்பவும் பூட்டியவர் இன்னொரு ரகம். எந்திரம் நடுராத்திரியில் நின்றுபோனால் போர்மன் யாரைத் தேடி ஆள் அனுப்புவார்?

வேலையில் இறங்கிய குழு சிறியது. பெரும்பாலோர் அப்போதுதான் கல்லூரியை விட்டு வெளியே வந்த இளைஞர்கள். நரசிம்மனைத் தவிர மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரில் எந்த அனுபவமும் கிடையாது. பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானி என்று பெயர் எடுத்த பி.வி.எஸ். ராவும் அந்த இளைஞர்களில் ஒருவர்.

முதலில் ஒரு குட்டி எந்திரம்

எடுத்த எடுப்பில் பெரிய எந்திரத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. முதலில் ஒரு சின்ன மாதிரி எந்திரம் கட்டினார்கள். வால்வுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றனவா, நினைவகம் போட்டதைப் போட்டபடி வைத்திருக்கிறதா, தங்கள் கணக்கு காகிதத்தில் சரியாக இருப்பதுபோல் கம்பியிலும் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக.

1956-ல் அந்தக் குட்டி எந்திரம் வேலை செய்தது.

நினைவகம் என்பது என்ன? கம்ப்யூட்டர் எண்களை மறக்காமல் வைத்துக்கொள்ளும் இடம். அந்த நாளில் அதைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களால் செய்தார்கள். கடுகைவிடச் சற்றே பெரிய கருப்பு வளையங்கள். நெடுக்கும் குறுக்கும் மெல்லிய கம்பிகள் ஓடும். கம்பி குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வளையம். காசிமேட்டில் வலை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலைதான். வலையின் முடிச்சு இருக்கும் இடத்தில் வளையம் இருக்கும். வளையத்தில் காந்தம் ஒரு பக்கமாக ஓடினால் 1, மறுபக்கமாக ஓடினால் 0.

அமெரிக்காவிலேயே இந்த வகை நினைவகம் புதிது. பம்பாய் இளைஞர்கள் துணிந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

மாதிரி வெற்றி பெற்றதும் பெரிய எந்திரத்தின் வேலை தொடங்கியது. 1960 பிப்ரவரியில் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது.

2,700 வால்வுகள். 1,700 ஜெர்மேனியம் டயோடுகள். 12,500 ரெசிஸ்டர்கள். எல்லாவற்றையும் தாங்கி நின்ற இரும்புச் சட்டத்தின் நீளம் 18 அடி, உயரம் 8 அடி, அகலம் இரண்டரை அடி. இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள். கதவைத் திறந்தால் உள்ளே வால்வுகள் கண்ணைச் சிமிட்டும்.

பழைய வால்வு ரேடியோவின் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சூடு எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரு ரேடியோவில் ஐந்தாறு வால்வு. இங்கே 2,700! ஒன்று கெட்டாலும் கணக்கு தப்பாகும். எது கெட்டது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய எந்திரத்தின் நினைவகத்தில் எவ்வளவு கொள்ளும்? 2,048 எண்கள். இன்று நீங்கள் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்தை வைக்க அதுபோல் நூற்றுக்கணக்கான எந்திரங்கள் வேண்டியிருக்கும்.

அந்தச் சிறு இடத்துக்குள்தான் அணு விஞ்ஞானிகள் தங்கள் கணக்கை அடக்கினார்கள். 0, 1 என்ற இரண்டே குறிகளால் ஒவ்வொரு கட்டளையும் எழுதினார்கள். ஒரு குறி மாறினால் எல்லாம் போயிற்று.

1962 ஜனவரியில் கொலாபாவில் கழகத்தின் புதிய கட்டிடத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். அப்போது எந்திரத்துக்கு அவர் டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். கழகத்தின் இங்கிலீஷ் பெயரின் முதல் எழுத்துக்களைக் கோத்து உண்டாக்கிய பெயர். குழந்தை பிறந்து இரண்டு வருஷம் கழித்து நடந்த பெயர் சூட்டு விழா!

பிறக்கும்போதே மூப்பு

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும்.

டிஃப்ராக் கட்டி முடிவதற்குள் உலகம் மாறிவிட்டது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. டிரான்சிஸ்டர் சின்னது. சூடு குறைவு. சீக்கிரம் கெடாது. அமெரிக்கக் கம்பெனிகள் டிரான்சிஸ்டர் எந்திரங்களை விற்கத் தொடங்கிவிட்டன. பம்பாய் இளைஞர்கள் ஐந்தாறு வருஷம் பாடுபட்டுக் கட்டிய எந்திரம், இயங்கத் தொடங்கிய நாளிலேயே பழைய ரகமாகிவிட்டது.

1964 வரைதான் அது உழைத்தது.

அப்படியானால் பாடுபட்டது வீணா? அந்தக் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கும். இன்றும் கேட்கலாம். வாங்கியிருந்தால் பணமும் காலமும் மிச்சம் என்று வாதாட இடமுண்டு. டிஃப்ராக்கைப் போல் இரண்டாவது எந்திரம் செய்யப்படவில்லை. அதைத் தொழிற்சாலையில் வைத்து நூறு நூறாகச் செய்து விற்கவும் இல்லை.

ஆனால் எந்திரம் போனாலும் ஆட்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டரின் குடலையும் ஈரலையும் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் இந்தியாவில் ஒரு குழுவாக இருந்தார்கள். நாட்டுக்கு இந்தத் துறையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல வெளியூர் வியாபாரியைக் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. இந்த லாபத்தைக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

படம் பார்க்கும் எந்திரம்

பெயர் சூட்டு விழாவுக்கு முன்பே, 1961-ல், நரசிம்மன் அமெரிக்காவில் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் அங்கே இருந்தார். எண்களை மட்டும் பார்க்கும் எந்திரத்துக்குப் படத்தைப் பார்க்கச் சொல்லித் தர முடியுமா என்று ஆராய்ந்தார்.

ஒரு வாக்கியத்தில் எழுவாய், பயனிலை என்று உறுப்புகள் இருப்பதுபோல் ஒரு படத்துக்கும் உறுப்புகள் உண்டு, அவை சேருவதற்கும் இலக்கணம் உண்டு என்பது அவர் பிடித்த வழி. உலகத்தில் இந்த வழியில் முதலில் நடந்தவர்களில் அவரும் ஒருவர். 1964-ல் ஊர் திரும்பினார்.

திரும்பியபோது பம்பாய்க் கழகத்தில் புதிய எந்திரம் வந்திருந்தது. கண்ட்ரோல் டேட்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் 3600 என்ற ரகம். விலை சுமார் 15 லட்சம் டாலர். அமெரிக்க உதவிப் பணத்தில் வந்தது. அந்த நாளில் ஆசியாவிலேயே பெரிய எந்திரங்களில் ஒன்று.

இவ்வளவு விலை கொடுத்த எந்திரத்தை ஒரு கழகம் மட்டும் வைத்துக்கொள்வதா? பல்கலைக்கழகங்களும் சர்க்கார் ஆராய்ச்சிச் சாலைகளும் அதைத் தேடி வந்தன. கழகம் அதைப் பொதுக் குழாயாகத் திறந்துவிட்டது.

அட்டைக் கட்டு யாத்திரை

அந்த எந்திரத்துக்கு வேலை கொடுத்த விதம் வேடிக்கையானது.

புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஒரு கெட்டி அட்டையில் துளை துளையாகக் குத்த வேண்டும். ஆயிரம் வரி என்றால் ஆயிரம் அட்டை. அதை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். ஜன்னலில் வாங்கி வரிசையில் வைப்பார்கள். முறை வந்ததும் எந்திரம் படிக்கும். விடையை நீள நீளமான காகிதத்தில் அச்சடிக்கும்.

ஒரு கமா விட்டுப்போனால்? விடைக்குப் பதில் தப்பு என்று ஒரு வரி அச்சாகி வரும். திருத்தி, திரும்ப அட்டை குத்தி, திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். வெளியூர்க்காரர் பாடு இன்னும் மோசம். ரெயில் ஏறி வந்தவர் ஒரு கமாவுக்காகத் தங்க வேண்டும். அட்டைக் கட்டு கை தவறிக் கீழே விழுந்து வரிசை கலைந்தால் அவர் கதியை நினைத்துப் பாருங்கள்!

இந்த முறையில் எந்திரம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது. மனிதன்தான் சும்மா இருப்பான். எந்திரம் விலை அதிகம், மனிதனின் நேரம் விலை குறைவு என்ற கணக்கு அது.

சென்னைக்கும் இந்த வரிசை வந்தது. 1973-ல் கிண்டிக்குப் பக்கத்தில் உள்ள ஐ.ஐ.டி.யில் மேற்கு ஜெர்மனியின் உதவியால் ஐ.பி.எம். 370 என்ற பெரிய கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் படித்த முதல் தலைமுறையில் எத்தனையோ பேர் அதற்காக அட்டைக் கட்டோடு காத்துக் கிடந்தவர்கள்.

டீக்கடை மாஸ்டர்

இதற்கு வேறு வழி உண்டு என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்விக்கூடத்தில் 1961-ல் காட்டியிருந்தார்கள். பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் அதற்குத் தலைமை வகித்தார். நேரப் பங்கீடு என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

துறைமுக வாசலில் உள்ள டீக்கடையைப் பாருங்கள். மாஸ்டர் ஒருவர்தான். சுற்றி நிற்பவர்கள் பத்துப் பேர். ஒருவருக்குப் பாலை ஊற்றுகிறார். அது ஆறும் நேரத்தில் இன்னொருவருக்குச் சர்க்கரை போடுகிறார். மூன்றாமவர் டம்ளரை ஆற்றுகிறார். ஒவ்வொருவரும் மாஸ்டர் நம்மைத்தான் கவனிக்கிறார் என்று நினைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரும் அப்படியே செய்யும். ஒவ்வொருவர் மேஜையிலும் டைப் அடிக்கும் பலகை ஒன்று. அதிலிருந்து கம்பி எந்திரத்துக்குப் போகும். எந்திரம் ஒருவரின் கணக்கில் ஒரு துளி நேரம், அடுத்தவர் கணக்கில் ஒரு துளி நேரம் என்று சுற்றிச் சுற்றி வரும். ஆள் யோசிக்கும் வேளையில் அது இன்னொருவரைக் கவனித்துவிடும். அட்டை வேண்டாம். ஜன்னல் வேண்டாம். தப்பு செய்தால் அந்த நொடியிலேயே தெரியும்.

1970-களில் பம்பாய்க் கழகத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சித் திட்ட உதவியோடு ஒரு தேசிய மென்பொருள் மையம் அமைக்கப்பட்டது. அதற்கு நரசிம்மன் தலைமை வகித்தார். டெக்-10 என்ற நேரப் பங்கீட்டு எந்திரம் அங்கே நிறுவப்பட்டது. ஒரே வேளையில் பலர் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார்கள். எந்திரம் கட்டுவதை விட்டு, எந்திரத்தைப் பகிர்ந்து உபயோகிப்பதற்கான மென்பொருளில் நாடு கவனம் திருப்பிய காலம் அது.

பெட்டியும் சாவியும்

நேரத்தைப் பங்கிட்டால் மட்டும் போதாது. இடத்தையும் பங்கிட வேண்டும்.

தொழிற்சாலையில் ஒரு லேத்தில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத் பொது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பூட்டு போட்ட தனிப் பெட்டி உண்டு. எல்லாரும் எடுத்து உபயோகிக்கும் ஸ்பானர்கள் சுவரில் தொங்கும். மெயின் சுவிட்ச் இருக்கும் அறையின் சாவி போர்மனிடம் மட்டும். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் சண்டை வராது.

டெக்-10 எந்திரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் அவர் எந்த வேலையைச் சேர்ந்தவர் என்று காட்டும். இரண்டாவது எண் ஆளைக் காட்டும். ஒருவர் எழுதி வைத்த புரோகிராமை அவர் என்ன செய்யலாம், அவரோடு அதே வேலையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று மூன்று இலக்கங்களில் எழுதிவிடலாம். படிக்க மட்டும் விடலாம். திருத்தவும் விடலாம். கதவையே சாத்தியும் விடலாம்.

இதே வழக்கம் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் 1969-ல் பிறந்த யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டிலும் வளர்ந்தது. அதைப் பார்த்து அதே சாயலில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-ல் எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகுக்கு விட்டதுதான் லினக்ஸ்.

இன்று நான்கு இளைஞர்கள் சேர்ந்து புரோகிராம் எழுத ஒரு லினக்ஸ் எந்திரத்தைப் பொதுவில் வைத்தால், அந்தப் பழைய லேத் கூடத்து ஒழுங்கையே திரும்பக் கட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு பெயர் கொடுப்பார்கள். நால்வருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்று வைப்பது பெரும் தவறு. நாளைக்கு ஒன்று உடைந்தால் உடைத்தது யார் என்று தெரியாது. பிறகு நால்வரையும் ஒரு குழுவாகச் சேர்ப்பார்கள். குழுவுக்கு ஒரு பொது அறை திறப்பார்கள். அந்த அறையில் யார் எதை வைத்தாலும் அது குழுவின் உடைமை என்று குறித்துவிடலாம். வைத்தவரைத் தவிர வேறு யாரும் அதை அழிக்கக்கூடாது என்றும் குறிக்கலாம்.

மெயின் சுவிட்ச் அறைக்கு ரூட் என்று பெயர். அந்தச் சாவி ஓரிருவரிடம்தான் இருக்க வேண்டும். அவர்களும் வேண்டும்போது மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் வைத்துவிட வேண்டும். யார் எப்போது எடுத்தார் என்பதை எந்திரமே குறிப்பில் எழுதிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைப்பதும் அவசியம். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். எந்திரம் ஒருநாள் நின்ற பிறகு நினைத்துக்கொள்கிறார்கள்.

பம்பாய் மையத்தின் கதை அத்தோடு நிற்கவில்லை. 1985-ல் அது தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என்று தனி நிறுவனமாயிற்று. ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கும் வேலையில் இறங்கியது. 2003-ல் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தோடு சேர்ந்தது. அந்தச் சி-டாக்கின் சென்னைப் பிரிவுதான் பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது.

பாஸ் என்ற பெயர் நம் வட சென்னை வீடுகள் பலவற்றுக்கு அன்னியம் அல்ல. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவ மாணவியருக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது அல்லவா? விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே அவற்றில் கொடுத்தார்கள். தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் அதைத் திறந்து பார்க்காமலே விட்ட பிள்ளைகள் உண்டு. திறந்து பார்த்து, அண்ணனுக்கு ஒரு பெயர், தங்கைக்கு ஒரு பெயர் என்று போட்டுக்கொண்டவர்களும் இருப்பார்கள்.

பழுது பார்க்க யார்?

நரசிம்மனின் பொது வேலைகளில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

1965-ல் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தார். நாட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவந்த சங்கம் அது.

அந்த நாளில் இந்தியாவில் ஐ.பி.எம். கம்பெனி எந்திரங்களை வாடகைக்கு விட்டது. பல எந்திரங்கள் வெளிநாட்டில் உழைத்துத் தேய்ந்தவை. கெட்டுப்போனால் அந்தக் கம்பெனி ஆள்தான் வந்து பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனியின் எந்திரமானாலும் பழுது பார்க்க இந்திய அரசு 1975-ல் சி.எம்.சி. என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதை ஏற்படுத்தியதில் நரசிம்மனுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றே வருஷத்தில் அதற்குச் சோதனை வந்தது. பங்குகளை இந்தியர்களுக்கு விற்க வேண்டும் என்ற சட்டத்துக்கு உடன்படாமல் 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் எந்திரங்கள் இங்கேயே நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சி.எம்.சி.யின் தலையில் விழுந்தது. எந்திரங்கள் நிற்காமல் ஓடின. பதினெட்டு வருஷத்துக்கு முன் டிஃப்ராக் கட்டியதன் லாபத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சற்று முன் கேட்டோமே, இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம்.

1977-ல் அரசாங்கம் அவருக்கு பத்மஸ்ரீ பட்டம் அளித்தது.

மழலை ஆராய்ச்சி

கம்ப்யூட்டர் கட்டியவர் பிற்காலத்தில் எதை ஆராய்ந்தார் தெரியுமா? குழந்தையின் பேச்சை!

படத்துக்கு இலக்கணம் தேடியவருக்கு அடுத்த கேள்வி தானாக வந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை யாரும் இலக்கணம் சொல்லித் தராமலே பேசுகிறது. 2,700 வால்வு வைத்த எந்திரத்தால் அது முடியவில்லை. அப்படியானால் குழந்தை என்ன செய்கிறது? தாயும் தந்தையும் அதோடு எப்படிப் பேசுகிறார்கள்? மொழியை எப்படிக் கற்கிறோம் என்பது பற்றி அவர் எழுதிய இங்கிலீஷ் புத்தகம் 1981-ல் வெளிவந்தது. 1998-ல் இன்னொரு புத்தகம். 2004-ல், 78-வது வயதில், அறிவு படைத்த எந்திரங்கள் பற்றி மற்றொன்று. இன்று செயற்கை நுண்ணறிவு என்று எல்லாரும் பேசுகிறார்களே, அந்தத் துறையில் இந்தியாவில் மிக முன்பே இறங்கியவர்களில் அவர் ஒருவர். எந்திரம் கணக்குப் போடுவதை வைத்து அதற்கு மனித அறிவு வந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசிக் காலத்தை அவர் பெங்களூரில் கழித்தார். 2007-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 81.

டிஃப்ராக் எப்போதோ பிரிக்கப்பட்டுவிட்டது. டெக்-10 எந்திரமும் இன்று இல்லை. தமிழ் பேசும் ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் மழலையை மாதம் மாதமாகப் பதிவு செய்து வைத்த குறிப்புகள் இருக்கின்றன. உலகத்துக் குழந்தைகளின் பேச்சைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு அவற்றை நரசிம்மன் கொடுத்துவிட்டார். அந்தக் களஞ்சியம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்த நாட்டு மாணவரும் அதைத் திறந்து அந்தத் தமிழ் மழலையைப் படிக்கலாம்.